மணலுக்குக் காத்து, முள்ளுக்கு டயர்

என் மனைவியின் தம்பி போன மாதம் ஒரு பழைய மஹிந்திரா தார் ஜீப் வாங்கினான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே போன். “மச்சான், டயர் நாலும் வழுவழுன்னு இருக்கு. பெரிய பெரிய பட்டனா, டிராக்டர் மாதிரி இருக்குமே, அதைப் போட்டுருவோமா?” என்றான். “ரெண்டு நாள் பொறு மாப்ள” என்று சொல்லி வைத்தேன். இதே ஆசையில் நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் காசைக் கொட்டியவன்தான். அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் கரையோரத்தில் ஃபோர் வீல் வண்டி, அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற வண்டி, வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிப் பக்கம். வள்ளத்து இன்ஜின் பார்க்கிற வேலை. கடலுக்குப் போகிற நேரத்தில் இன்ஜின் மக்கர் பண்ணினால் வள்ளத்தை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கி வர முடியாது, ஒர்க்‌ஷாப்தான் கரைக்குப் போகணும். காலையில் சேதுக்கரை, மத்தியானம் வாலிநோக்கம், சாயங்காலம் மூக்கையூர் என்று ஓடுகிற நாளும் உண்டு. வண்டியின் பின்னால் டூல்ஸ் பெட்டி, செயின் பிளாக், பழைய கியர்பாக்ஸ் ஒன்று, டீசல் கேன் என எப்படியும் இருநூறு கிலோ ஏறியிருக்கும்.

டயர் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மாதம் மீட்டரைப் பார்த்து, எந்தத் தரையில் எவ்வளவு ஓடினீர்கள் என்று நோட்டில் குறியுங்கள். நான் குறித்த மாதத்தில் 1,900 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர் ரோடுகளும் சேர்ந்து 1,600. செம்மண், சரளைத் தடம் 200. சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைகிற வண்டித்தடம் 80. மணல் வெறும் 20. “நான் எப்பவும் மணல்லதான் கிடக்கேன்” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், நோட்டைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த இருபது கிலோமீட்டருக்காகத்தான் நான் முதல் தடவை சேற்று டயர் வாங்கினேன். கடையில் எம்.டி. என்பார்கள். பட்டன், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கட்டை விரல் புதைகிற ஆழம். பார்க்கக் கம்பீரம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். போட்ட வாரமே நரிப்பையூர்ப் பக்கம் ஒரு கரையில் இறக்கினேன். மத்தியான வெயில், மணல் காய்ந்து பொரி மாதிரி உதிர்ந்து கிடந்தது. இருபதடி போனதும் வண்டி தயங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். நாலு சக்கரமும் நாலு குழி தோண்டிக்கொண்டு இறங்கி, வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மீன் ஏற்ற வந்த ஒரு பெரியவர் பழைய ஜீப்பில் என்னைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாகப் போய்த் திரும்பினார். அவர் டயரில் பட்டன் என்று சொல்ல எதுவும் இல்லை. காத்தும் பாதிதான். இறங்கி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இன்ஜின் பார்க்க வந்தியளா, கிணறு வெட்ட வந்தியளா?” என்றார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. சேற்று டயரின் பட்டன் சேற்றைக் கிழித்து அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிப்பதற்காகச் செய்தது. நம் கடற்கரை மணலில் அடியில் கெட்டித் தரை எங்கே இருக்கிறது? தோண்டத் தோண்ட மணல்தான். ஆழமான பட்டன் அங்கே மண்வெட்டி வேலைதான் செய்யும். மணலில் வண்டி அமிழாமல் மிதக்க வேண்டும். குதிகால் வைத்த செருப்போடு கடற்கரையில் நடந்துவிட்டு, அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், புரிந்துவிடும்.

மிதக்க வைப்பது காத்து. இது என் சித்தப்பா எனக்குச் சின்ன வயசிலேயே சொன்னது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ரொம்ப காலம் ரோடு கிடையாது. யாத்திரை வந்தவர்களை ஜீப்பிலும் வேனிலும் ஏற்றி, மணலிலும் கடல் ஓரத்திலுமாக ஓட்டிப் போவார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு வந்ததோடு அந்தத் தொழில் முடிந்தது. ரோட்டை விட்டு மணலில் வண்டி இறக்க இப்போது அங்கே யாருக்கும் அவசியம் இல்லை, 2025-இல் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவித்துவிட்டார்கள். சித்தப்பா பாடம் மட்டும் மிச்சம்: “மணல் வந்தா காத்தை எறக்கு. தார் வந்தா ஏத்து. இதைச் செய்யச் சோம்பல்பட்டா வீட்டுலயே இரு.”

காத்தை இறக்கினால் டயர் அகலமாகப் பரவும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் நன்றாகக் கூடும். மாப்பிள்ளைக்கு என் வண்டியின் முன் டயரில் அளந்தே காட்டினேன். காத்து 32 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) இருக்கும்போது தரையில் பதிந்த நீளம் ஒரு சாண். 18-க்கு இறக்கியதும் ஒரு சாணும் நாலு விரலும். நாலு சக்கரத்துக்கும் அவ்வளவு கூடுதல் இடம் கிடைத்தால் அதே எடை பரவி உட்காரும். சாதாரண மணலுக்கு 18, ரொம்பப் பொலபொலவென்று இருந்தால் 15. அதற்குக் கீழே போனால் வளைத்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் பயம் உண்டு. 15-இல் ஓட்டும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள், பிரேக்கையும் அழுத்தி மிதிக்காதீர்கள், உருட்டி நிறுத்துங்கள்.

ஆக, மணலுக்காக ஒரு டயரைத் தேடி அலைய வேண்டாம். காத்தை இறக்கினால் ஓரளவுக்கு எல்லா டயரும் மணலில் போகும். பட்டன் நடுத்தரமாக இருக்கிற ஆல் டெரெய்ன் டயர், அதாவது ஏ.டி., தாராளமாகப் போகும். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது வேறு ஒன்று: சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர்.

நம்ம மாவட்டத்தில் டயருக்கு எமன் சீமைக்கருவேலம். முள் பட்டனில் குத்தினால் பெரிய விஷயமில்லை. தடித்த ஏ.டி. டயரில் பாதி முள் உள்ளே எட்டாது, எட்டினாலும் பஞ்சர் கடையில் சரியாகிவிடும். குத்தின முள் ரப்பருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் மட்டும் உஷார். ஓட ஓட அது உள்ளே நகர்ந்து, ஒரு வாரம் கழித்து நடு ரோட்டில் காத்தை வாங்கும். அதனால் வாரம் ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்த்து, மூக்குக் குறடால் பிடுங்கி, அந்த இடத்தில் எச்சில் தொட்டு வைப்பேன். குமிழ் வந்தால் பஞ்சர்.

முள்ளை விட மோசம் அடிக்கட்டை. கரிமூட்டம் போட மரத்தை வெட்டிக் கொண்டு போவார்களே, அப்போது தரைக்கு மேல் ஒரு சாண் கட்டை நிற்கும். அரிவாளால் சாய்த்து வெட்டியிருப்பதால் முனை ஈட்டி. ரெண்டு மாதத்தில் சுற்றித் தளிர் விட்டு அந்த ஈட்டியை மறைத்தும் விடும். வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பின்பக்கத் தடத்தில் ஒரு தடவை எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கினேன். டப் என்றுகூடக் கேட்கவில்லை, ‘புஸ்’ என்று ஒரே சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். சைடுவால் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையும் நம்பகமாக ஒட்ட முடியாது. அது ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்கிற இடம். ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். புது டயர், போட்டு அஞ்சு மாதம்கூட ஆகவில்லை. தூக்கிப் போட்டேன்.

அதனால் கடையில் முதலில் டயரைப் படுக்கப் போட்டு, பக்கவாட்டில் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான டயர்களில் பட்டன் பகுதிக்கு எத்தனை ப்ளை (ரப்பருக்குள் வைத்திருக்கிற நூல் அடுக்கு), சைடுவாலுக்கு எத்தனை ப்ளை என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். கார் வகை டயரில் சைடுவாலுக்கு ஒன்றோ ரெண்டோ இருக்கும். சில ஏ.டி. டயர்களில் மூன்று. முள்காட்டுக்குள் போகிறவர்கள் மூன்றுக்குக் காசு கொடுக்கலாம். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருந்தால் அது பாரம் ஏற்றும் வண்டிக்கான கட்டு. தடிமனாக இருக்கும், எடையும் கூட. அதே பாரத்தைத் தூக்க அதற்குக் காத்தும் கூடுதலாக வேண்டும். வெறும் வண்டியாக ஓட்டினால் பள்ளத்தில் விழுந்து எழும்போது முதுகு சொல்லும். எனக்கு எப்போதும் இருநூறு கிலோ பின்னால் கிடப்பதால் சரி. மாப்பிள்ளை பெண்டாட்டி பிள்ளைகளோடு கோயிலுக்கும் கடைக்கும் போகிறவன், அவனுக்கு எல்.டி. தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

சைடுவாலின் உயரமும் முக்கியம். புது தார் ஜீப்பில் ரெண்டு அளவு வருகிறது. 245/75 ஆர் 16 ஒன்று, 255/65 ஆர் 18 இன்னொன்று. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம். கணக்குப் போட்டால் 16 ரிம்மில் சைடுவால் சுமார் 184 மி.மீ., 18 ரிம்மில் சுமார் 166 மி.மீ. கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். காத்தை இறக்கும்போது மடங்கிக்கொடுக்க உயரம் வேண்டும், கல்லில் மோதும்போது ரிம்மைக் காப்பாற்றுவதும் அதே உயரம்தான். பெரிய அலாய் பார்க்க அழகு. கரையில் வேலை இருக்கிறவர்களுக்கு 16-தான் என் ஓட்டு.

அளவை மாற்றிப் பெருசாகப் போடுகிற ஆசை பலருக்கு உண்டு. பொலேரோவில் 215/75 ஆர் 15-ஐ எடுத்துவிட்டு 235/75 போடுகிறார்கள். வட்டம் நாலு சதவீதம் பெருசாகும். மீட்டரில் 80 காட்டும்போது நிஜத்தில் 83 போய்க்கொண்டிருப்பீர்கள். அது போக, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசும், இன்ஜினுக்கு இழுவையும் குறையும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன அளவோ அதையே போடுங்கள்.

பாரக் குறியீட்டிலும் ஏமாறாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் 111 எஸ் என்று இருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. கியூ என்றால் 160, டி என்றால் 190. வேகத்தை விடுங்கள், ஏர்வாடி ரோட்டில் ஆடு குறுக்கே வராமல் எண்பதைத் தொட்டவர் யார்? பாரக் குறியீடு மட்டும் பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில டயரில் மூன்று முனை மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருக்கும். பனி கொட்டுகிற ஊருக்கான முத்திரை அது. அதற்காகக் கடைக்காரர் ஐந்நூறு கூடக் கேட்டால், ராமநாதபுரத்தில் கடைசியாக எப்போது பனி கொட்டியது என்று கேளுங்கள்.

மழையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தண்ணீர் தகடாக நிற்கும். அப்போது பிடிப்பது பட்டனின் ஆழம் மட்டும் இல்லை, பட்டன் மேல் பிளேடால் கீறினாற்போல மெல்லிய வெட்டுகள் இருக்குமே, அவையும்தான். சேற்று டயரில் அவை குறைவு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நவம்பரில் உப்பூர்ப் பக்கம் பிரேக் பிடித்து, வண்டி என் பேச்சைக் கேட்காமல் வழுக்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏ.டி. வாங்கும்போது நகத்தை விட்டுப் பாருங்கள், வெட்டு ஒவ்வொரு பட்டனிலும் இருக்கணும், ஆழமாகவும் இருக்கணும். தேய்மானத்துக்குச் சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. நான் புரட்டாசியில் அளந்து பார்த்து, 3 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் மழைக்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசலில் மழை விழுந்தால் ஏ.டி. திணறும். களி பட்டன் இடுக்கில் அப்பி, டயர் உளுந்து உருண்டை மாதிரி ஆகிவிடும். அங்கேயே காடு கழனி வைத்துத் தினம் இறங்குகிறவர்களுக்குச் சேற்று டயர்தான் சரி. எனக்கு வருஷத்தில் நாலு நாள் அந்த வேலை. அந்த நாலு நாளும் ரோட்டில் நிறுத்திவிட்டு நடப்பேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், யோகோஹாமா, பி.எஃப். குட்ரிச் என எல்லோரும் ஏ.டி. போடுகிறார்கள். மேலே சொன்ன ப்ளை, அளவு, பாரம், வெட்டு நாலும் ஒத்துவந்தால், பக்கத்து ஊரில் உடனே கிடைக்கிறது எதுவோ அதை வாங்குங்கள். ஒன்று கிழிந்தால் அதே ஜோடி கிடைக்கணும் என்பதுதான் காரணம். ஃபோர் வீலில் நாலும் ஒரே வட்டமாக இருப்பது அவசியம். பழைய மூன்றில் பட்டன் 6 மி.மீ. தேய்ந்திருக்க, புதுசு ஒன்று போட்டால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது அந்தச் சுமை கியர்பெட்டி மேல் விழும். அதனால் நான் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கி, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஐந்தையும் சுற்றில் மாற்றுகிறேன். தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிட மறக்காதீர்கள்.

தேதி பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. மதுரையில் ஒரு கடையில் தள்ளுபடி என்று ரெண்டு டயர் வாங்கி வந்து, வீட்டில் கழுவும்போதுதான் பார்த்தேன், செய்து மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மாட்டிவிட்டார்கள். இப்போதெல்லாம் மாட்டும் முன்னால் நானே குனிந்து பார்த்து, செல்லில் படம் எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வேறு கொண்டுவரச் சொல்வேன்.

அப்புறம் உப்பு. போன வருஷம் முன் இடது டயர் மூன்று நாளைக்கு ஆறு பாயிண்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. பஞ்சர் கடையில் ரெண்டு தரம் முள் தேடினார்கள், இல்லை. கடைசியில் நானே சோப்புத் தண்ணீரை ரிம் ஓரம் சுற்றி ஊற்றினேன். ஒரு ஜாண் நீளத்துக்குப் பொடிக் குமிழ் கட்டியது. டயரைக் கழற்றினால், உட்காரும் விளிம்பில் துரு அப்பளமாகப் பொரிந்து நிற்கிறது. எமரித் தாளால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, காய வைத்து மாட்டியதும் நின்றது. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே ரிம்மின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அலை அடிக்கிற ஈர மணல் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீருக்குள் ஓட்டாதீர்கள், அதில் ஓடும் ஒவ்வொரு தடவையும் பிரேக்குக்கும் ரிம்முக்கும் கேடு.

மணலில் எந்த டயர் என்றாலும் மீன் வண்டி போகிற பழைய தடத்தை விட்டு விலகுவதில்லை. தையிலிருந்து பங்குனி ஆமை முட்டை வைக்க ஏறுகிற காலம். காத்து இறக்கின டயர் மணலை மெதுவாக அழுத்தினாலும், அடியில் முட்டை இருந்தால் அது தாங்காது. மாட்டிக்கொண்டால் பனை மட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போடாதீர்கள், அதன் கருக்கு ரம்பம் மாதிரி சைடுவாலை அறுக்கும். தென்னை மட்டை போடுங்கள்.

மாப்பிள்ளை கடைசியில் சாதாரணக் கட்டு ஏ.டி. ஐந்து வாங்கினான், 16 ரிம்முக்கே. கூடவே ஒரு காத்து கேஜும், பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசரும். கம்ப்ரசர் வாங்கும்போது ஒயரையும் காத்துக் குழாயையும் நீட்டிப் பார்த்து வாங்குங்கள். அவன் வாங்கினது முன் சக்கரத்தோடு நின்றுவிட்டது. பின் டயருக்குக் காத்து அடிக்க, சேதுக்கரை மணலில் என் வண்டியை அவன் வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.